குளிர்சாதனத் துறையில் சுயதொழில்

அருப்புக்கோட்டையில் ஒரு சமுதாயக் கல்லூரி இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு தேறாதவர்கள், தேறியும் அடுத்து என்ன என்று தெரியாதவர்கள் எல்லாருக்கும் ஒரு வருஷத்தில் ஒரு தொழிலைக் கற்றுக்கொடுத்து, கையில் ஒரு டிப்ளமோவையும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். வாசலில் பெரிய பிளெக்ஸ் ஒன்று கட்டியிருக்கும். 'எங்கள் மாணவர்கள் இன்று' என்று தலைப்பு. கீழே வரிசையாகப் போட்டோக்கள். எம்.ரெட்டியபட்டி அழகுராஜாவும் அதில் உண்டு. ஸ்டுடியோக்காரர் மாட்டிவிட்ட கோட்டுக்குள் கழுத்து எங்கே என்று தேட வேண்டிய போட்டோ. அதன் கீழே 'குளிர்சாதனத் துறையில் சுயதொழில்' என்று போட்டிருந்தார்கள்.

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. எதைக் குளிர வைக்கிறான் என்பதை மட்டும் எழுதாமல் விட்டிருந்தார்கள்.

அழகுராஜா வாடகைக்கு விடுவது ஐஸ் பெட்டி. ஒருவர் இறந்துபோனால் வெளியூரில் இருக்கிற பிள்ளைகள் வந்து சேரும் வரை உடம்பைக் கிடத்தி வைக்கிற, கண்ணாடி மூடி போட்ட பெட்டி. திருச்சுழி வட்டாரத்தில் எந்த ஊரில் ஒப்பாரி கேட்டாலும் கொஞ்ச நேரத்தில் அவனுடைய குட்டியானை வண்டி அந்தத் தெருவில் நிற்கும்.

அவன் இதற்கா படித்தான்? இல்லை. ஃபிரிட்ஜ், ஏசி மெக்கானிக் படிப்பில் அவன் சேர்ந்ததற்கு ஒரே காரணம், அந்த வகுப்பறையில் ஏசி மாட்டியிருந்ததுதான். சித்திரை வெயிலில் பருத்திக் காட்டில் நின்றவனுக்குத்தான் அந்த ஆசை புரியும். சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, பாடம் நடத்துவதற்காக அந்த ஏசியை எப்போதும் கழற்றிப் போட்டே வைத்திருப்பார்கள் என்று. வருஷம் முழுக்க வேர்த்துக்கொண்டே குளிர்சாதனம் படித்தான்.

கூடப் படித்தவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு வேலையில் இருக்கிறார்கள், படித்த வேலையைத் தவிர. வகுப்பில் முதல் மார்க் வாங்கிய வீரணன் பந்தல்குடிப் பக்கம் பரோட்டாக் கடை வைத்திருக்கிறான். ஒருத்தன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். இன்னொருத்தன் ஸ்ரீபெரும்புதூரில் செல்போனுக்கு மூடி மாட்டுகிறான். கல்லூரியிலிருந்து வருஷத்துக்கு ஒரு தடவை போன் போட்டு, "இப்ப என்ன பண்றீங்க?" என்று கேட்பார்கள். "வேலையில இருக்கேன் சார்" என்று எல்லாரும் சொல்வார்கள். கேட்கிறவருக்கும் அதற்கு மேல் தோண்டிப் பார்க்க விருப்பமிருக்காது. அவருக்குப் பிளெக்ஸ் நிறைந்தால் போதும்.

அழகுராஜாவும் முதலில் சென்னைக்குத்தான் போனான். ஏசி மாட்டுகிற கம்பெனியில் வேலை. ஒரு நாள் உயரமான கட்டடம் ஒன்றின் வெளிப்புறத்தில் இடுப்பில் கயிற்றைக் கட்டித் தொங்கவிட்டார்கள். குனிந்து பார்த்தான். கீழே நின்ற கார்கள் சோப்புப் பெட்டி மாதிரி தெரிந்தன. அன்று சாயங்காலமே ஊருக்குப் பஸ் ஏறிவிட்டான். கயிற்றை அவிழ்த்தானா அதோடேயே வந்துவிட்டானா என்று வீரணன் இன்றைக்கும் கேட்பான்.

ஊரில் பழுதுபார்க்கிற கடை போட்டான். ஆனால் நம் பக்கத்து ஜனங்களுக்கு ஃபிரிட்ஜ் கெட்டுப்போனால் அதைச் சரி செய்ய வேண்டும் என்று தோன்றுவதே இல்லை. பட்டுச் சேலை, நிலப் பத்திரம், ரேஷன் கார்டு எல்லாவற்றையும் உள்ளே வைத்து, எலி போகாத பீரோ என்று சந்தோஷப்பட்டுக்கொள்கிறார்கள். கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த நாளில்தான் பக்கத்துத் தெருவில் ஒரு சாவு. டவுனிலிருந்து வந்த ஐஸ் பெட்டி நடுப்பகலில் நின்றுபோனது. அழகுராஜா ஓடிப்போய் கேஸ் ஏற்றி ஓட வைத்தான். அப்போது அந்த வீட்டார் அவனைப் பார்த்த பார்வையை அவன் மறக்கவே இல்லை. அடுத்த தை மாதம் லோன் போட்டுச் சொந்தமாக ஒரு பெட்டி வாங்கிவிட்டான்.

தொழில் நன்றாக ஓடியது. ஆனால் அதற்கென்று சில முறைகள் இருக்கின்றன, அவற்றைக் கல்லூரியில் யாரும் நடத்தவில்லை. துக்க வீட்டுக்கு வருகிறவரை யாரும் 'வாங்க' என்று அழைக்க மாட்டார்கள். கிளம்புகிறவரும் 'போயிட்டு வாரேன்' என்று சொல்லக்கூடாது. மறுபடி அந்த வீட்டுக்கு அப்படி ஒரு காரியத்துக்கு வர வேண்டாமே! சொல்லாமல் கொள்ளாமல், திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்ட வேண்டும். அழகுராஜாவின் வண்டியில் சாமி படம் ஒட்டியிருந்ததால், ஏறும் முன் அங்கேயே ஒரு குழாயிலோ தொட்டியிலோ காலைக் கழுவி, தலையில் இரண்டு கை தண்ணீரைத் தெளித்துக்கொள்வான். வருஷக்கணக்கில் இதையே செய்து செய்து, மூச்சு விடுகிற மாதிரி ஆகிவிட்டது.

வேறு தொல்லைகளும் உண்டு. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற உறவினரைப் பார்க்கப் போனால், "நீ எதுக்குய்யா வந்த? டாக்டர் ஏதும் சொல்லிவிட்டாரா?" என்று படுத்திருப்பவரே எழுந்து உட்கார்ந்துவிடுவார். சும்மா ஒரு தெரு வழியாக வண்டியை ஓட்டிப் போனால், அங்கே உட்கார்ந்திருக்கிற பெரியவர்கள் உள்ளே போய் மாத்திரை போட்டுக்கொள்வார்கள். பெண் பார்க்கிற விஷயமோ கேட்கவே வேண்டாம். வேலை என்னவென்று தெரிந்த இடத்திலெல்லாம் ஜாதகம் வீட்டுப் படியைத் தாண்டவில்லை.

இந்த நேரத்தில்தான் பாலவனத்தம் முத்துராஜ், தன் மகள் சத்யபிரியாவின் சான்றிதழ் விஷயமாக அந்தக் கல்லூரிக்குப் போனார். சத்யபிரியா அங்கே நர்ஸிங் உதவியாளர் படிப்புப் படித்துவிட்டு விருதுநகரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். படித்த வேலையையே பார்க்கிறவள் என்பதால் அவளுக்கும் பிளெக்ஸில் இடம் உண்டு. மகள் போட்டோவைப் பார்த்துப் பூரித்து நின்ற முத்துராஜின் கண்ணில் பக்கத்துப் போட்டோ பட்டது. சுயதொழில். அதுவும் குளிர்சாதனம். விசாரித்தால் தூரத்துச் சொந்தம் வேறு. சம்பந்தம் பேச ஆள் அனுப்பிவிட்டார்.

"கேட்டா ஏசி லைன்ல இருக்கேன்னு மட்டும் சொல்லு. அதுக்கு மேல வாயத் தொறந்த, உன்ன நானே பெட்டிக்குள்ள படுக்க வச்சிருவேன்," என்றாள் அழகுராஜாவின் அம்மா முத்துத்தாய். அப்பா இல்லாத பிள்ளை, முப்பதைத் தாண்டிவிட்டான். அவளுக்கு ராத்தூக்கம் போய் ரொம்ப நாளாகிறது.

ஒரு நல்ல நாள் பார்த்து அழகுராஜா தன் அம்மா முத்துத்தாய், அக்கா புருஷன் காளிராஜ், இன்னும் இரண்டு உறவினர்களோடு வாடகைக் காரில் பாலவனத்தம் போய் இறங்கினான். கேசரியும் பஜ்ஜியும் வந்தன. சத்யபிரியா காபித் தட்டோடு வந்து நிமிர்ந்தே பார்த்தாள். பார்த்ததோடு நில்லாமல் லேசாகச் சிரிக்கவும் செய்தாள். கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று அழகுராஜா கேசரியை விழுங்குவதற்குள் முடிவு செய்துவிட்டான்.

"தொழிலெல்லாம் எப்பிடிப் போகுது தம்பி?" என்றார் முத்துராஜ்.

"நல்லாப் போகுது மாமா. வாடகைக்கு விடுறேன். ஒரு நாளு, ரெண்டு நாளு, ஆளுக்குத் தக்கன."

"விசேஷ வீடுகளுக்கா?"

"வீடுகளுக்குத்தான்," என்று காளிராஜ் குறுக்கே விழுந்து காப்பாற்றினான்.

"ஏசின்னா குறை சொல்ற ஆளுக இருப்பாகளே? பத்தலம்பாக, சத்தங்கேக்குதும்பாக."

"இதுவரைக்கும் உள்ள இருந்தவுக யாரும் ஒரு வார்த்த சொன்னதில்ல மாமா," என்றான் அழகுராஜா. சத்தியமான பதில்தான். சத்யபிரியா சட்டென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். வெட்கம் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

எல்லாம் கூடிவந்தது. மற்ற விஷயங்களைப் பேசி முடிவு செய்ய இன்னொரு நாள் வருவதாக முடிவாயிற்று. முத்துத்தாய் எழுந்து, "அப்பப் போயிட்டு வாரோம் மதினி," என்று சத்யபிரியாவின் அம்மா ஜக்கம்மாளின் கையைப் பிடித்துச் சொன்னாள். காளிராஜ் சொன்னான். மற்ற இருவரும் சொன்னார்கள். மாப்பிள்ளை என்ன செய்தார்? எழுந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை. விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தார். முற்றத்தில் இருந்த தண்ணீர்த் தொட்டியில் காலைக் கழுவினார். தலையில் இரண்டு கை தண்ணீரைத் தெளித்தார். திரும்பிப் பார்க்காமல் போய்க் காரில் ஏறிக்கொண்டார்.

மனசெல்லாம் சத்யபிரியா. காலும் கையும் மட்டும் தொழிலைப் பார்த்துவிட்டன.

"ஐயோ, எம் வீட்டுல என்ன எழவா விழுந்திருக்கு!" என்று ஜக்கம்மாள் போட்ட சத்தத்தில் தெருவே வந்துவிட்டது. வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தில் ஒருவர் காருக்குள் குனிந்து பார்த்தார். "ஏலே, இது ரெட்டியபட்டி ஐஸ் பெட்டிக்காரன்ல? எங்க சித்தப்பாவுக்கு இவன்தான வந்தான்!" என்றார். அவர் குரலில் ரொம்ப நாள் கழித்து ஒரு தெரிந்தவரைப் பார்த்த சந்தோஷம் வேறு. முத்துராஜ் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கே தொட்டியை இடித்துப் போட்டுவிட்டார்கள் என்று அழகுராஜா பின்னால் கேள்விப்பட்டான்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் முத்துத்தாய் அழுதாள். "வாயத் தொறக்காதன்னு சொன்னேன், அதுக்காகப் போகயில சொல்ற ஒத்த வார்த்தையக் கூடவா சொல்ல மாட்ட?" அழகுராஜாவுக்கும் அழுகை முட்டியது. பெண் கிடைக்காதது ஒரு பக்கம். நல்ல வீட்டுக்கும் கெட்ட வீட்டுக்கும் தன் உடம்புக்கு வித்தியாசம் தெரியாமல் போய்விட்டதே என்கிற பயம் இன்னொரு பக்கம்.

மறுநாளிலிருந்து பயிற்சியை ஆரம்பித்தான். எங்கே போனாலும் கிளம்பும்போது நின்று, திரும்பி, முகத்தைப் பார்த்து, வாய் நிறைய 'போயிட்டு வாரேன்' சொல்வது என்று. டீக்கடையில் சொன்னான். பெட்ரோல் பங்க்கில் சொன்னான். பஸ்ஸை விட்டு இறங்கும்போது கண்டக்டரிடம் சொன்னான். ஏடிஎம் வாசலில் உட்கார்ந்திருந்த காவலாளியிடம் சொன்னதும் அவர் பதறி எழுந்து சல்யூட் அடித்தார். வீரணனின் பரோட்டாக் கடையில் ஒரே சாப்பாட்டுக்கு மூன்று தடவை சொல்லிவிட்டு, "வரும்போது வா, இப்பக் கெளம்புலே," என்று திட்டு வாங்கினான். ஒரு மாதத்தில் உடம்பு பழகிவிட்டது. கால் வாசலைத் தொட்டாலே வாய் தானாகச் சொன்னது. துக்க வீடுகளில் மட்டும் நாக்கைக் கடித்துக்கொண்டு வெளியேறினான். ஆனால் சத்யபிரியா வீட்டிலிருந்து ஒரு தகவலும் வரவில்லை. வரவும் செய்யாது என்று அவனுக்கே தெரிந்திருந்தது.

கத்திரி வெயில் ஆரம்பித்த வாரத்தில் ஒரு நாள் காலையில் போன் வந்தது. பாலவனத்தம். முத்துராஜின் அண்ணன் இறந்துவிட்டார். மகன் துபாயில் இருக்கிறான், நாளைக்குத்தான் வந்து சேருவான், பெட்டி வேண்டும்.

"போகாதய்யா. அந்தத் தெருவுல இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்ப?" என்றாள் முத்துத்தாய்.

"இந்த வெயிலுல பெரியவரு உடம்பு என்னத்துக்கும்மா ஆகும்?" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.

முத்துராஜ் வாசல் பந்தலில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வண்டியிலிருந்து இறங்கியவனைப் பார்த்தார். துக்க வீட்டில் யாரும் யாரையும் வாங்க என்று கேட்க வேண்டியதில்லை. அந்த வழக்கம் அன்றைக்கு இரண்டு பேர் மானத்தையும் காப்பாற்றியது. அழகுராஜா பெட்டியை இறக்கி, பெரியவரைக் கிடத்தி, கரண்ட் கொடுத்துவிட்டு ஓரமாக ஒதுங்கி நின்றான்.

மத்தியானம் கரண்ட் போயிற்று. ஜெனரேட்டரைப் போட்டான். உள்ளே குளிரும் வெளியே அனலுமாகக் கண்ணாடி மூடியெல்லாம் பனி படர்ந்து, பெரியவர் முகம் தெரியாமல் மறைந்தது. மாரடித்துக்கொண்டு வருகிற ஒவ்வொரு பெண்ணும் குனிந்து பார்த்துவிட்டு, முகம் தெரியவில்லையே என்று இன்னும் கொஞ்சம் அதிகமாக அழுதார்கள். அழகுராஜா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தான். பத்து நிமிஷத்தில் மறுபடி படர்ந்தது. மறுபடி துடைத்தான். பொழுது சாய்கிற வரைக்கும் அதுதான் வேலை.

ஒரு சொம்புத் தண்ணீரோடு சத்யபிரியா அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அன்னைக்கு உண்மையச் சொல்லாம வந்தது தப்புத்தாங்க," என்றான் மெதுவாக. "சொன்னா வாசல்ல கூட நிக்கவிட மாட்டாகன்னு..."

"எனக்கு முன்னாடியே தெரியும்."

"எப்பிடி?"

"ஆஸ்பத்திரியில யாராச்சும் தவறிட்டா, திருச்சுழிப் பக்கத்து ஆளுகளுக்கு உங்க நம்பரத்தான குடுத்துவிடுறோம். எழுதிக் குடுத்துக் குடுத்து எனக்கு மனப்பாடம். இன்னைக்குக் கூட நாந்தான் சொன்னேன்." சொம்பை நீட்டினாள். "நீங்க தலையில தண்ணி தெளிச்சதப் பாத்து நான் சிரிச்சுட்டேன். எங்கம்மா கரண்டியால அடிச்சாக."

அவன் தண்ணீரைக் குடிக்க மறந்து நின்றான்.

"உள்ள போறேன், ஆளுக பாக்குறாக," என்று நகர்ந்தவள் நின்று, "நாங்க துணியச் சுத்திக் குடுத்து அனுப்பிருவோம். அதுக்குப் பெறகு அவுகள யாரு பாத்துக்கிறாகன்னு நெனச்சுக்கிட்டே இருப்பேன். இப்பத் தெரிஞ்சுபோச்சு," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் மகன் வந்தான். முகம் பார்த்தான். மேளத்தோடும் வெடியோடும் பெரியவரைக் கொண்டுபோனார்கள். அழகுராஜா பெட்டியைக் கழுவி வண்டியில் ஏற்றினான். ஆனால் உறவினர்களின் கார்கள் முன்னாலும் பின்னாலும் அடைத்துக்கொண்டு நின்றதால் கிளம்ப முடியவில்லை. எல்லாரும் சுடுகாட்டிலிருந்து திரும்பி, குளித்துவிட்டு, பந்தலுக்குள் வந்து உட்கார்ந்த பிறகுதான் வழி கிடைத்தது.

நேற்றிலிருந்து அவனுக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. தொழிலில் இருக்க வேண்டிய கவனமெல்லாம் அந்தச் சொம்பிலேயே நின்றுவிட்டது. பந்தலைத் தாண்டுகிற இடத்தில் கால் நின்றது. உடம்பு திரும்பியது. முத்துராஜின் முகத்தை நேராகப் பார்த்து, ஒரு மாதப் பயிற்சியும் ஒன்றுசேர, வாய் கணீரென்று சொன்னது:

"மாமா, போயிட்டு வாரேன்!"

பந்தல் உறைந்துபோயிற்று. சாதாரண ஆள் சொன்னாலே பொறுக்காது. ஐஸ் பெட்டிக்காரன் துக்க வீட்டில் நின்று போயிட்டு வாரேன் என்றால் என்ன அர்த்தம்? யாருக்காக வருவான்? எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்வரிசையில் இருந்த வயசாளிகள் இருவர் மெல்லப் பின்வரிசைக்கு மாறினார்கள். யாரோ ஒருவர் நெஞ்சைத் தடவிக்கொண்டு தண்ணீர் கேட்டார். ஜக்கம்மாள் தலையில் கையை வைத்துக்கொண்டாள். அழகுராஜா தான் சொன்னதைத் தானே கேட்டு, முகம் வெளுத்து, செத்தவரைவிட அசையாமல் நின்றான்.

அப்போது நிலைப்படியிலிருந்து ஒரு குரல், பந்தலுக்கே கேட்கும்படி வந்தது.

"சரி, வாங்க."

சத்யபிரியாதான். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குரல் நடுங்கியது, ஆனால் தலை குனியவில்லை.

அழகுராஜா எப்படி வீடு வந்து சேர்ந்தான் என்று அவனுக்கே தெரியாது. அடுத்த இரண்டு வாரமும் பாலவனத்தத்தில் வேறு பேச்சே இல்லை. துக்க வீட்டில் வைத்து ஒரு குமரிப்பெண் ஐஸ் பெட்டிக்காரனை வாங்க என்று அழைத்த விஷயம், பருத்தி விலையையும் ஜவுளிப் பூங்காவுக்கு நிலம் எடுக்கிற விஷயத்தையும் பின்னுக்குத் தள்ளிவிட்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையில் முத்துராஜ் எம்.ரெட்டியபட்டிக்கு வந்து இறங்கினார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று முத்துத்தாய் நடுங்கிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

"இந்தப் பாருங்க தம்பி," என்றார். "எம் மவ பண்ணி வச்சிருக்கிற காரியத்துக்கு இனி எந்த மாப்பிள்ள வீட்டுக்காரனாச்சும் எங்க வாசலுக்கு வருவானா? ஊரெல்லாம் தெரிஞ்சுபோச்சு. கேத வீட்டுல வச்சு வாங்கன்னவ வீட்டுக்கு எவன் வருவான்? ஒரு பய வர மாட்டான்."

அழகுராஜா தலையைக் குனிந்துகொண்டான். "எல்லாம் என்னாலதான் மாமா."

"ஒங்களாலதான். அவளக் கேட்டா, தெரிஞ்சுதான் சொன்னேன்ங்குறா. ரெண்டு வேளையாச் சாப்பிட மாட்டேன்ங்குறா. எங்கண்ணன் வீட்டுலயும் வருசந் திரும்புறதுக்குள்ள ஒரு நல்ல காரியம் பண்ணணும்ங்குறாக." முத்துராஜ் மூச்சு வாங்கினார். அண்ணனை நினைத்தாரோ மகளை நினைத்தாரோ, குரல் உடைந்தது. "அண்ணன் மொகத்தத் தொடச்சுத் தொடச்சுக் காமிச்சீக. பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். வேற எவனும் வர மாட்டான் தம்பி. நீங்கதான் வரணும். வீட்டுக்கு வாங்க."

முத்துத்தாய் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். எத்தனையோ ஊர், எத்தனையோ வீடு போய் வந்தவன் அழகுராஜா. பெட்டியோடு போன வீடு ஒன்றிலும் சத்யபிரியாவைத் தவிர அவனை வா என்று யாரும் அழைத்ததில்லை. அவனும் ஆளோடு ஆளாக நின்று அழுதான்.